பழைய வண்டியின் கப்ளர், டெர்மினல், எர்த்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் அம்பாசடர், பத்மினி, மாருதி 800 எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழைய ஜீப்புகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. இந்த வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்கும் எலக்ட்ரிக்கல் சந்தேகங்களைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை வயரைப் பற்றியவை அல்ல, வயர் சேரும் இடத்தைப் பற்றியவை. "முழு வயரிங்கையும் மாத்தணும்" என்று தீர்ப்பு எழுதப்பட்ட வண்டி, சில கப்ளர்களையும் எர்த் போல்ட்டுகளையும் சுத்தம் செய்ததும் ஒழுங்காக ஓடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் வரும் கேள்விகளை, வந்தபடியே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

கப்ளர் கப்ளர்ங்கறீங்களே, அது வண்டியில எங்கெங்க இருக்கு? எதை முதல்ல பார்க்கறது?

வயரும் வயரும் சேரும் இடத்திலும், வயர் ஒரு பாகத்தில் போய் மாட்டும் இடத்திலும் இருக்கும் பிளாஸ்டிக் கூடுதான் கப்ளர். உள்ளே ஒரு பக்கம் ஆண் பின், எதிர்ப்பக்கம் அதைக் கவ்விப் பிடிக்கும் பெண் பின். அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் பல இடங்களில் கூடே இருக்காது. தட்டையான பித்தளை டெர்மினலோ, உருண்டை முனை கொண்ட புல்லட் இணைப்போ ரப்பர் ஸ்லீவுக்குள் இருக்கும். பெயர் எதுவானாலும் இந்தப் பக்கத்தில் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் பேட்டரி டெர்மினல். அடுத்து எர்த் போல்ட்டுகள், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புவதற்காக வயரைப் பாடியோடு சேர்க்கும் இடங்கள். அப்புறம் ஹெட்லைட் ஹோல்டர், ஃபியூஸ் பாக்ஸ், முன் கிரில்லுக்குப் பின்னாலும் மட்கார்டுக்கு உள்ளேயும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும் கப்ளர்கள். டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பவை நனைவது குறைவு. காரணமில்லாமல் அவற்றைக் கழற்ற வேண்டாம்.

பேட்டரி புதுசு. ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணுது. ஆனாலும் ஹெட்லைட் மஞ்சளா மங்கலாத்தான் எரியுது. ஏங்க?

பல்புக்கு வோல்டேஜ் போய்ச் சேரவில்லை. பித்தளைப் பின்மீது கறுப்போ பச்சையோ ஒரு படலம் பிடித்தால் அந்த இடத்தில் தடை ஏறும். கணக்கைப் பாருங்கள்: 60/55 வாட் பல்பு இரண்டும் டிம்மில் எரியும்போது சுமார் 9 ஆம்பியர் ஓடுகிறது. அவ்வளவும் போகும் ஒரே ஒரு இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். இப்படி இரண்டு இணைப்பு சேர்ந்தாலே பல்புக்கு 13.5 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 12 தான் கிடைக்கும். ஒன்றரை வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. இழைப் பல்பில் வெளிச்சம் வோல்டேஜை விட வேகமாக இறங்கும், 13.5-லிருந்து 12-க்கு வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும்.

அந்த 0.9 வோல்ட், 9 ஆம்பியரோடு சேர்ந்து 8 வாட் சூடாக அந்தச் சின்னப் பின்னிலேயே இறங்குகிறது. கப்ளர் பழுப்பாகி உருகுவதற்குக் காரணம் இதுதான்.

சேலத்துல ஓடுன வரைக்கும் ஒண்ணும் இல்லை. ஏற்காட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் எல்லாம் கெடுது. மலைக்காத்து ஆகலையா?

காரணம் இருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது பானெட்டுக்குள் நல்ல சூடு. கப்ளருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். மேலே நிறுத்தியதும் எல்லாம் ஆறும். சுருங்கும் காற்று வெளியே இருக்கும் பனிமூட்டத்து ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தினமும் ஏறி இறங்கும் வண்டியில் இது தினமும் நடக்கும். மழையில் நனையாத கப்ளரிலும் களிம்பு பிடிப்பது இப்படித்தான்.

கீழே இருக்கும் வண்டிகளுக்கு வேறு தொல்லை. கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டி ஓடும் வண்டிகளில் மாவு மாதிரி வெள்ளைத் தூள் எல்லா இடுக்கிலும் புகும். காய்ந்த தூள் பெரிதாக ஒன்றும் செய்யாது. எண்ணெயோ கிரீஸோ வழிந்த இடத்தில் அப்பிக்கொண்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கப்ளரின் வெளிப்பக்கத்தில் கிரீஸைப் பூசி விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

என்னென்ன வாங்கி வெச்சுக்கணும்?

ஒரு டப்பா கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கை கழுவும் சானிடைசர் அதற்கு மாற்று ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பழைய டூத் பிரஷ், பேட்டரி டெர்மினலுக்கு ஒரு கம்பி பிரஷ், நைஸான உப்புத்தாள், சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப், ஆப்ப சோடா, வாசலின், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சாதாரண மீட்டரே போதும்.

கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பழைய வண்டியில் வயர் நிறமெல்லாம் மங்கி ஒரே பழுப்பாக இருக்கும். எது எங்கே இருந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா, நீலப் பச்சையா பூத்திருக்கு. வெந்நீர் ஊத்தினா போயிடுதே, அது போதாதா?

வெந்நீர் மேலே தெரிவதைக் கரைக்கும். ஆசிட்டை முறிக்காது, அதனால் சீக்கிரமே மறுபடி பூக்கும். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவில் ஸ்பானர் போட்டிருக்கும்போது அது பாடியில் பட்டால் பெரிய ஷார்ட் ஆகும். நெகட்டிவ் கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை. பழைய வண்டிகளில் சிலவற்றுக்குப் பாசிட்டிவ் எர்த் உண்டு. அப்படியிருந்தால் பாடியோடு சேர்ந்த டெர்மினலைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை நிற்கும் வரை ஊற்றுங்கள். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கம்பி பிரஷால் ஈயம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். கிளாம்ப்பின் உள்பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போகும் முகமே அதுதான். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.

கப்ளரைப் பெட்ரோல்ல கழுவலாமா? தின்னர்? வீட்டுல டபிள்யூடி-40 இருக்கு, அதை அடிச்சா?

பெட்ரோல் வேண்டாம். தீப்பொறி வரக்கூடிய இடத்தில் பெட்ரோல் ஆவியை விடுவது ஆபத்து. தின்னரும் கார்புரேட்டர் கிளீனரும் பிளாஸ்டிக்கைத் தின்னும், ரப்பர் சீலை ஊதவைக்கும். டீசல் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப் போகும், தூள் வந்து ஒட்டும்.

சாதாரண டபிள்யூடி-40 தண்ணீரை விரட்ட நல்லது. மழையில் நனைந்து ஸ்டார்ட் ஆகாத வண்டியில் அவசரத்துக்கு அடிக்கலாம். ஆனால் களிம்பை எடுக்காது, நீண்ட நாள் பாதுகாப்பும் தராது. அதே பெயரில் தனியாக வரும் கான்டாக்ட் கிளீனர் வேறு பொருள். டப்பாவைப் படித்து வாங்குங்கள். எந்த ஸ்பிரேயும் தீப்பிடிக்கும் என்று நினைத்து, பேட்டரியைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு அடியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

டயர் கடைக் காற்றில் உலர்த்துகிறவர்கள் முதலில் தரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஊதிவிடுங்கள். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீர் அந்த முதல் காற்றோடுதான் வரும்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே தேய்க்கிறோம்? டெர்மினலையும் அப்படித் தேய்ச்சா என்ன?

கேட்டவர் ஓர் அம்மா, நல்ல கேள்வி. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். குத்துவிளக்கு நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கக் கூடியது. கப்ளருக்குள் இருக்கும் பின்னை அப்படிக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கிய அமிலம் வயரின் இழைகளுக்குள் ஏறி உள்ளிருந்தே அரிக்கும். வண்டியிலிருந்து தனியாகக் கழன்று கையில் இருக்கும் வெறும் பித்தளை லக் (வயர் முனையில் போல்ட்டுக்காக இருக்கும் ஓட்டைத் தகடு) என்றால் புளியோ எலுமிச்சையோ போடலாம். உடனே சோடாத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். வயரோடு இருக்கும் எதற்கும் வேண்டாம்.

உப்புத்தாள் போட்டா பளபளன்னு வந்துடுது. எல்லாத்துக்கும் அதையே போட்டா?

பின்னின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் பித்தளை என்றால் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். வெள்ளி நிறமாக இருந்தால் மேலே வெள்ளீயப் பூச்சு இருக்கிறது. தேய்த்தால் பூச்சு போய், அடியில் இருக்கும் பித்தளை முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும். அதற்கு கிளீனரும் டூத் பிரஷும் மட்டும். தங்க நிறப் பூச்சு மிக மெல்லியது, எதையும் போட்டுத் தேய்க்கவே கூடாது. எதைத் தேய்த்தாலும் கடைசியில் ஒருமுறை ஸ்பிரே அடித்துத் தூளை வெளியேற்றுங்கள்.

கப்ளர் கழலவே மாட்டேங்குது. இன்னும் இழுத்தா உடைஞ்சுடும் போல.

வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் கப்ளரை உள்பக்கமாக அழுத்துங்கள், லாக்கின் மேல் இருக்கும் பாரம் குறையும். அப்புறம் லாக்கை அமுக்கிக்கொண்டு கூட்டைப் பிடித்து இழுங்கள். பல வருடம் இன்ஜின் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதுவும் ஏற்காட்டில் விடியற்காலைக் குளிரில். ஹேர் டிரையரோ, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ வைத்துச் சூடாக்கிவிட்டுக் கழற்றுங்கள். புல்லட் இணைப்பை இழுக்காமல் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

நல்லா சுத்தம் பண்ணி மாட்டினேன். சரியாயிடுச்சு. பதினைஞ்சு நாள்ல மறுபடி அதே கதை. சுத்தம் பண்ணது சரியில்லையா?

சுத்தம் சரியாகவே செய்திருப்பீர்கள். கவ்வும் பிடி தளர்ந்திருக்கிறது. கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிக் கொஞ்சம் புது உலோகம் வெளியே வரும், அதனால் சில நாள் வேலை செய்யும். பிடி தளர்ந்திருந்தால் இன்ஜின் அதிர்வில் பின்கள் கண்ணுக்குத் தெரியாமல் அசைந்து, ஒவ்வொரு அசைவிலும் பூச்சைச் சுரண்டி, கறுப்புத் தூளாகச் சேர்த்துவிடும். வெள்ளீயப் பூச்சுள்ள பின்களில் இது அதிகம்.

அதே அளவு ஆண் பின் ஒன்று தனியாகக் கிடைத்தால் பெண் பின்னுக்குள் செருகி இழுத்துப் பாருங்கள். லேசாகக் கவ்வி விடுவது கையில் தெரிய வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் பிடி போய்விட்டது. திறந்த தட்டை டெர்மினலை நோஸ் பிளையரால் ஒரு முடி அளவு நெருக்கலாம். கூட்டுக்குள் இருப்பதை, பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கை மெல்லிய ஊசியால் அமுக்கி வெளியே எடுத்து நெருக்க வேண்டும். சூட்டில் நிறம் மாறிய பின்னின் ஸ்பிரிங் திரும்ப வராது, மாற்றிவிடுங்கள். என் கணக்கில் சுத்தம் பாதி வேலை, பிடி பாதி வேலை.

கிரீஸ் கரண்ட் கடத்தாதுங்கறாங்க. அப்புறம் அதைப் பின்னுக்கு மேல போட்டா கரண்ட் எப்படிப் போகும்?

சிலிக்கான் கிரீஸ் கடத்தாது, உண்மை. ஆனால் பிடி சரியாக இருந்தால் உலோகமும் உலோகமும் அழுந்தும் புள்ளியில் கிரீஸ் ஒதுங்கிவிடும். சுற்றியுள்ள இடத்தை மட்டும் நிரப்பிக் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். பிடி தளர்ந்த இணைப்பில் போட்டால் அது ஒதுங்காமல் நடுவில் நிற்கும். முந்தைய கேள்வியில் சொன்னதை முடித்துவிட்டுத்தான் கிரீஸ் டியூபைத் திறக்க வேண்டும்.

சீலின் உதட்டிலும் பின்னைச் சுற்றியும் மெல்லிய பூச்சு போதும். கூட்டை நிரப்பி அடைத்தால் மாட்டும்போது காற்று வெளியேற வழியில்லாமல் கப்ளர் முழுக்க உட்காராது. வீல் பேரிங் கிரீஸை ரப்பர் சீலில் போடாதீர்கள், சில வகை ரப்பர் ஊதிப்போகும். சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) இவற்றின் உள்முனைகளில் சிலிக்கான் கிரீஸ் கூடவே கூடாது. அங்கே பொறி பறக்கும்; சிலிக்கான் எரிந்து கண்ணாடித் தூள் மாதிரி முனையில் படிந்து கடத்தாமல் செய்துவிடும்.

இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்குது. ஃபிளாஷர் மாத்தியும் போகலை.

எர்த். பின்பக்க விளக்குத் தொகுப்பின் எர்த் விட்டுப்போனால் கரண்ட் திரும்பிப் போக வழி தேடி அடுத்த பல்பின் வழியாகப் போகும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்குகள் சேர்ந்து ஆடுகின்றன. எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்குக்கு அடியில் இருக்கும் பெயின்டையும் துருவையும் வெறும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயின்டோ பூசி மூடுங்கள்.

பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓடும் எர்த் பட்டையைத் தனியாகப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் செல்ஃப் மோட்டாரின் நூறு ஆம்பியருக்கும் மேலான கரண்ட் முழுக்க அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை அறுந்திருந்தால் அந்தக் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகிறது, புகைகிறது என்று யாராவது சொன்னால் வேறெதையும் பார்க்க வேண்டாம், நேராகப் பட்டைக்குப் போங்கள்.

மீட்டர் வெச்சுப் பார்த்தேன், வயர் ஜீரோ ஓம் காட்டுது. அப்ப வயர் நல்லாத்தானே இருக்கு?

இருக்க வேண்டும் என்பதில்லை. ஓம் பார்க்கும்போது மீட்டர் மிகச் சிறிய கரண்டைத்தான் அனுப்புகிறது. இருபது இழையில் ஒரு இழை மிச்சமிருந்தாலும் அதற்குப் போதும். ஹெட்லைட்டின் கரண்டுக்குப் போதாது. விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை (மீட்டர் வயரின் கூர் முனையை) பேட்டரி பாசிட்டிவிலும் மற்றொன்றை எரியும் பல்பின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்டேஜ். 0.5-க்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் முள்ளை ஒவ்வொரு கப்ளராக நகர்த்துங்கள். எங்கே எண் சட்டென்று தாவுகிறதோ அங்கேதான் நோய். பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே இதே போல் பார்த்தால் 0.2-க்குள் வர வேண்டும்.

வயரை உரிச்சா உள்ளயும் பச்சையா இருக்கு. ஸ்பிரே அடிச்சாப் போகுமா?

போகாது. ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிவிட்டது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், அதே தடிமனில் புது வயர் சேர்க்க வேண்டும். சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் அதிர்வு இல்லாத இடத்தில் நிற்கும். இன்ஜின் அருகே சால்டர் முடியும் எல்லையில் வயர் விறைத்து ஒடியும். வெறும் இன்சுலேஷன் டேப் எங்கள் ஊர் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். கப்ளருக்கு வரும் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றிக் கட்டினால், வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஹெட்லைட் ஹோல்டர் உருகிப்போச்சு. புதுசு போட்டேன், அதுவும் உருகுது. 100/90 பல்புதான் போட்டிருக்கேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 100 வாட் பல்பு இரண்டும் எரிந்தால் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். பழைய சுவிட்சும் வயரும் அதைத் தாங்காது. 60/55 போட்டு, இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸோடு தடித்த வயர் இழுங்கள். முழு வோல்டேஜ் கிடைத்தால் அந்த பல்பே மலைப்பாதைக்குப் போதும். வளைவில் எதிரே இறங்கி வருபவருக்கும் கண் கூசாது.

பத்மினியில ஃபியூஸ் போகலை, ஆனா ஹார்ன் ஒரு நேரம் அடிக்குது, ஒரு நேரம் அடிக்கல.

இரண்டு முனையும் கூரான அந்தப் பீங்கான் ஃபியூஸ், ஸ்பிரிங் தகட்டின் நடுவே நிற்கிறது. தகட்டில் களிம்பு பிடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ இப்படித்தான் ஆகும். ஃபியூஸை விரலால் சுழற்றிப் பாருங்கள். ஹார்ன் வந்தால் தகட்டைச் சுத்தம் செய்து, லேசாக உள்நோக்கி வளைத்துவிடுங்கள். முனை கறுத்த ஃபியூஸை மாற்றுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விட்டு வந்ததுல இருந்து இன்ஜின் மிஸ்ஸிங், விட்டு விட்டு ஓடுது. என்ன பண்றது?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே துடையுங்கள், பிளக் வயர்களைத் துடையுங்கள். பிறகு இன்ஜின் பக்கத்துக் கப்ளர்களைக் கழற்றி உலர்த்துங்கள். அடுத்த முறை இன்ஜினுக்குப் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என்னது இன்ஜெக்‌ஷன் வந்த பழைய மாருதி. அதுல கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் இருக்கு. அதையும் இப்படியே சுத்தம் பண்ணலாமா?

செய்யலாம், கை இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கிளீனர் ஸ்பிரே மட்டும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் கிட்டே வரக் கூடாது. மீட்டர் முள்ளைப் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். முள் தடிமனானது, பின்னை விரித்துவிடும். இல்லாத நோயை நாமே உண்டாக்கியதாகிவிடும். சோதிக்க வேண்டுமானால் கப்ளரை மாட்டியபடியே, வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை விட்டுப் பாருங்கள்.

சைலன்ஸர் குழாயில் திருகியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் கப்ளருக்கு மட்டும் கிரீஸும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைத் தங்கள் வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. கிரீஸ் அந்த வழியை அடைத்தால் சென்சார் தவறான அளவு காட்டும், வண்டி பெட்ரோலைக் குடிக்கும். அந்தக் கப்ளரை உலர்ந்த துணியால் வெளியே துடைத்து, லாக் முழுக்க விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கப்ளரோடு சென்சாரையே மாற்றுவதுதான் வழி.